லீலா தேடிய எண்

கண்ணாடி பார்ப்பதுதான் லீலாவின் வேலையாக இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஃபேக்டரி. அங்கே கறுப்புத் துணி கட்டிய கூண்டுக்குள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, உருளைகள்மேல் நகர்ந்து வரும் கண்ணாடிப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். குமிழ் இருந்தாலோ, கீறல் இருந்தாலோ, மணல் துணுக்கு ஒன்று உருகாமல் உள்ளே நின்றிருந்தாலோ மார்க்கரால் ஒரு வட்டம் போட வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஒன்றுமில்லாத கண்ணாடி வரும், போகும். அதன் பின்னால் இன்னொரு ஒன்றுமில்லாத கண்ணாடி வரும்.

புதிதாகச் சேரும் பெண்கள் ஒரு வாரத்தில் தலைவலி என்று வேறு லைன் கேட்டுப் போய்விடுவார்கள். லீலாவுக்கு மட்டும் அந்தக் கூண்டு பிடித்துப்போனது. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கண் ஒரு பக்கமும் மனசு ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடும். மனசு எங்கெங்கோ மிதந்துகொண்டிருக்கும். குமிழ் வந்தால் கை தானாக எழுந்து வட்டம் போட்டுவிட்டுத் திரும்ப மடியில் வந்து படுத்துக்கொள்ளும். "லீலாக்கா தூங்குறாங்களா, முழிச்சினு கீறாங்களான்னே தெரில்ல" என்று சூப்பர்வைசர் ராஜசேகர் சொல்லிச் சிரிப்பார். அது அவளுக்கே சரியாகத் தெரியாது.

ஒரு நாள் அந்தக் கூண்டின் தலைக்கு மேல் கேமரா பொருத்தினார்கள். கேமரா கண் சிமிட்டாது, சாப்பிடப் போகாது. லீலாவை பேக்கிங் பக்கம் அனுப்பினார்கள். அங்கே டேப் கிழிபடும் சத்தமும் பலகைகளில் ஆணி அறையும் சத்தமும் நாள் முழுக்க மண்டைக்குள் இறங்கின. மிதப்பதற்கு அங்கே இடமில்லை. கொஞ்ச மாதம் பார்த்தாள். பிறகு கணக்கை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வீடு ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. கணவர் தணிகாசலம் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு மீதியிருந்த பின்கட்டில், சிமென்ட் ஷீட் கூரை போட்டு வரிசையாக ஆறு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். தெற்கேயிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் அதில் தங்கியிருந்தார்கள். ஒரே மகளைக் காஞ்சிபுரத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று.

வேலையை விட்டு வந்த லீலாவின் கண்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கல் பொறுக்க அரிசியை முறத்தில் எடுத்தால் எடுத்ததுதான். ஒரு மணியைக்கூட விடாமல் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"இன்னா லீலா, சோறு ஆக்கப் போறியா, அரிசிக்கு பரீட்ச வைக்கப் போறியா?" என்பார் தணிகாசலம்.

ஐப்பசி மழை ஆரம்பித்த வாரத்தில் ஒரு பகல். தாழ்வாரத்துத் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே வந்தவள், ஐந்தாம் நம்பர் அறைச் சுவரில் கை வைத்தாள். மற்ற சுவர்கள் எல்லாம் நமுத்துப்போய்ச் சில்லென்று இருந்தன. அந்தச் சுவர் மட்டும் வெதுவெதுப்பாக, மாட்டின் வயிற்றைத் தொட்டதுபோல இருந்தது. காதை வைத்துக் கேட்டாள். உள்ளே ஒரு இரைச்சல் ஏறாமல் இறங்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அறையில் இசக்கிபாண்டி இருந்தான். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், வயது இருபத்தெட்டு இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் மெஷின் பழுது பார்க்கிற வேலை. ஆடியில்தான் இங்கே குடிவந்தான். யாரையும் கூடச் சேர்த்துக்கொள்ளாமல் முழு வாடகையும் தானே கொடுத்தான். அறைக்கென்று தனி மீட்டர் இருந்ததால் கரண்ட் காசும் அவனுடையதுதான். லீலாவுக்கு வந்த கவலை காசைப் பற்றியது இல்லை, ஒயரைப் பற்றியது. கதவைத் தட்டினாள்.

நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு திறந்தான்.

"பாண்டி, உள்ள இன்னா ஓடிகினு கீது? செவுரு கொதிக்குது?"

அவன் ஒளிக்கவில்லை. நகர்ந்து வழிவிட்டான். இரும்பு ரேக்கில் மூடி இல்லாத ஒரு கம்ப்யூட்டர். அதில் செங்கல் பருமனுக்கு இரண்டு கார்டுகள், ஒவ்வொன்றிலும் குட்டிக் குட்டி விசிறிகள். போதாதென்று எதிரே ஒரு டேபிள் ஃபேன். பக்கத்தில் இருந்த கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி. அதன் கடைசி எண்கள் நிற்காமல் மாறிக்கொண்டிருந்தன.

"கேம் ஆடுதவுக போடுத கார்டுக்கா. பழசு வாங்கினேன். இருங்காட்டுக்கோட்டையில இருந்தப்பவே ஓடிட்டுத்தான் இருந்துச்சு. அந்த வீட்டுக்காரவுக சத்தம்னு காலி பண்ணச் சொல்லிட்டாக."

"இன்னா பண்ணுது இது?"

"ஒரு எண்ணத் தேடுதுக்கா."

லீலா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அவளிடம் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் ஒயரை மாற்று, இல்லையென்றால் காலி பண்ணு என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாள். தேடுது என்ற சொல் அவளை உட்காரவைத்தது.

அவன் சொன்னான். பல வருடங்களுக்கு முன்னால் யாரோ ஒருவர், பெயர் தெரியாது, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது, இன்டர்நெட்டில் வரிசையாகப் பூட்டுகள் போட்டு ஒவ்வொன்றுக்குள்ளும் பிட்காயினைப் பரிசாக வைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு ரகசிய எண்தான் சாவி. முதல் பூட்டுகளின் சாவி சின்ன எண். அவற்றை உடனே திறந்துவிட்டார்கள். அடுத்தடுத்த பூட்டுகளுக்குத் தேடவேண்டிய இடம் இரண்டு மடங்கு, இரண்டு மடங்காகப் பெருகிக்கொண்டே போகும். இப்போது உலகம் முழுக்க ஆட்கள் ஒரு பூட்டின் முன்னால் நிற்கிறார்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். சாவி கிடைத்தவருக்குப் பரிசு.

"இன்னொருத்தர் பூட்ட தொறக்கறது திருட்டு இல்லியா?"

"இல்லக்கா. வச்சவரே சொல்லியிருக்காரு. எந்தப் பூட்டு வரைக்கும் ஆளுகளால தொறக்க முடியுதுன்னு அளந்து பாக்கத்தான் வச்சேன்னு."

"இந்த மிஷினு எவ்ளோ வேகமா தேடும்?"

"நொடிக்கு நூறு கோடி எண் பாக்கும்."

லீலாவுக்கு மலைப்பாக இருந்தது. ஒரு ஷிஃப்டில் அவள் பார்த்த கண்ணாடி எத்தனை, இது மூச்சு விடுவதற்குள் பார்ப்பது எத்தனை. "அப்போ சீக்கிரம் கெடச்சிடும்?"

இசக்கிபாண்டி பாயில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான். "இது ஒண்ண மட்டும் வச்சு எல்லா எண்ணையும் பாத்து முடிக்க முப்பத்தேழாயிரம் வருஷம் ஆகும்க்கா."

மழை ஷீட்டின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. லீலா அவனைப் பார்த்தாள். அவன் விளையாடவில்லை.

"அவ்ளோ நாளா என் வூட்ல வாடகைக்கு இருக்கப் போற?"

அவன் சிரித்துவிட்டான். "நாளைக்கே கெடச்சாலும் கெடைக்கும்லா. எந்த எடத்துல இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு வந்த தணிகாசலத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்குப் பூட்டும் புரியவில்லை, சாவியும் புரியவில்லை. டார்ச் அடித்து ஒயரைப் பார்த்துவிட்டு, மறுநாள் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து கனமான ஒயராக மாற்றினார். "பத்தினு எரியாத வரைக்கும் எத்த வேணா தேடட்டும்" என்று முடித்துக்கொண்டார்.

அந்த மழை விடாத மழையாகப் பிடித்துக்கொண்டது. வெயில் முகத்தைப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. அறைகளில் இருந்த பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம்தான் பெரிய தொல்லை. துவைத்தால் காயாது, ஈரத்தோடு போட்டுக்கொண்டு போனால் லைனில் ஏசி உறைய வைக்கும். ஒரு நாள் லீலாவே இரண்டாம் நம்பர் பையனின் சட்டையைப் பிழிந்து எடுத்துவந்து ஐந்தாம் நம்பரில் கொடி கட்டித் தொங்கவிட்டாள். மத்தியானத்துக்குள் அப்பளம் மாதிரி காய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும். நீலம், சாம்பல், வெள்ளை என்று கம்பெனி கம்பெனியாக யூனிஃபார்ம்கள் அந்த அறைக்குள் தொங்கின. அவற்றுக்கு அடியில் இசக்கிபாண்டி பகலில் தூங்கினான். மிஷின் விசிறிக் காற்றில் சட்டைக் கைகள் அவன் தலைக்கு மேல் மெல்ல ஆடிக்கொண்டே இருந்தன.

தணிகாசலம்கூட அங்கே வர ஆரம்பித்தார். நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்து இறுகிப்போன முதுகை ரேக்குக்குக் காட்டியபடி ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிப்பார். "இது தேடறத வுட, ஒத்தடம் குடுக்கறதுதான் நல்லா கீது" என்பார்.

லீலா வந்தது வேறொன்றுக்காக. அந்தத் திரைக்காக. துணியை மாட்டிவிட்டு அப்படியே பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவாள். எண்கள் ஓடும். கண் ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். கறுப்புத் துணிக் கூண்டுக்குள் இருந்த அந்தப் பழைய மிதப்பு தானாக வந்து அவளை எடுத்துக்கொள்ளும். மழைச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விடும்.

ஒரு நாள் அவன் கேட்டான். "எக்கா, அடுத்து எந்த எடத்துலேருந்து தேடணும்னு நீங்க சொல்லுதீகளா? முன்னால வருத எண்ண மட்டும் சொல்லுங்க. மிச்சத்த அது பாத்துக்கிடும்."

"நானா? எனக்கு இன்னா தெரியும்?"

"எனக்கும் ஒண்ணும் தெரியாதுக்கா. யாருக்கும் தெரியாது."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் தணிகாசலத்தின் பஸ் எண்ணைச் சொன்னாள். அடுத்த முறை தன் பழைய ஃபேக்டரி டோக்கன் எண். இன்னொரு முறை, காலையில் மதில்மேல் வந்து உட்கார்ந்த மைனாக்களையும் அணில்களையும் எண்ணி அதைச் சொன்னாள். எதைச் சொன்னாலும் அவன் மறுக்காமல் தட்டி விடுவான். அவள் சொன்ன இடத்திலிருந்து மிஷின் நடக்கத் தொடங்கும். தன் வாழ்க்கையில் எதை எங்கே தொடங்குவது என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. கல்யாணமும் வேலையும் லைனும் யாரோ சொல்லித்தான் நடந்தன. இங்கே அவள் விரல் காட்டிய பக்கம் நூறு கோடி நூறு கோடியாக ஒன்று புறப்பட்டுப் போகிறது.

லீலாவுக்குப் பகல் தூக்கத்தில் கனவு வர ஆரம்பித்தது. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோடுதான். ஆனால் இரண்டு பக்கமும் ஃபேக்டரிகள் இல்லை. வெறும் கதவுகள். ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும் கதவுகள், கண்ணுக்கெட்டிய வரைக்கும். லீலா பழைய யூனிஃபார்மில் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போகிறாள். உள்ளே சுத்தமாகப் பெருக்கிவிட்ட காலி அறை. கண்ணாடிக்குள் நிற்பதுபோல ஒரு பச்சை வெளிச்சம். மூடிவிட்டு அடுத்தது. அவளுக்குக் கால் வலிக்கவில்லை. ஏமாற்றமும் இல்லை. ஒவ்வொரு கதவைத் தொடும்போதும் கைப்பிடியில் ஒரு சின்னச் சூடு இருந்தது.

முழித்ததும் அவன் அறைக்குப் போய்க் கேட்டாள். "பாண்டி, ஒருவேள கெடச்சிட்டா இன்னா பண்ணுவ?"

"ரொம்ப சூதானமா இருக்கணும்க்கா. சாவி கையில இருந்தாலும், இந்தப் பூட்டத் தொறந்து எடுக்கேன்னு எல்லாருக்கும் தெரியுத மாதிரிதான் சொல்லி எடுக்கணும். சொன்ன ஓரிரு நிமிஷத்துல, அதையே பாத்துட்டு நிக்குத பெரிய மிஷினுக சாவியக் கணக்குப் போட்டு நமக்கு முன்னால எடுத்துட்டுப் போயிரும். அதுக்குத் தப்பிக்க வேற வழி இருக்கு. அதையும் படிச்சு வச்சிருக்கேன்."

"கண்டுபுடிச்சவன் கையிலேருந்தே புடுங்கிடுவாங்களா?"

"ஆமாக்கா."

அது அவளுக்கு முப்பத்தேழாயிரம் வருஷத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

கார்த்திகை கடைசியில் மழை கொஞ்சம் ஓய்ந்தது. காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்த தணிகாசலம் நேராகவே கேட்டுவிட்டார்.

"தம்பி, கோச்சுக்காத. இத்தினி கரண்ட்டு போட்டு இத்த ஓட்டறியே, கட்டுபடி ஆவுதா?"

"ஆகாதுண்ணாச்சி" என்றான் இசக்கிபாண்டி. யோசிக்கவே இல்லை.

"இன்னாது?"

"கணக்குப் போட்டுட்டேன். ஒரு நாள் கரண்டுக்கு ஒரு சாப்பாட்டுக் காசு போகுது. பரிசு பெருசுதான், ஆனா ஒரு நாளைக்குக் கெடைக்கதுக்கு உள்ள வாய்ப்பு அதவிட ரொம்பச் சின்னது. ரெண்டையும் பெருக்கிப் பாத்தா மிட்டாய்க் காசுதான் வருது. சாப்பாட்டக் குடுத்து மிட்டாய் வாங்குத மாதிரி. அந்த மிட்டாயும் கைக்கு வராது. கணக்குல மட்டும் இருக்கும்."

"தெரிஞ்சேவா பண்ற?"

அவன் டீ கிளாஸை உருட்டிக்கொண்டிருந்தான். "நைட்டு லைன்ல நிக்கும்போது, ஒரே பெல்ட்டு, ஒரே சத்தம். அப்போ ரூம்ல எனக்காக ஒண்ணு தேடிட்டு இருக்குன்னு நெனச்சுக்கிடுவேன். அத நிறுத்திட்டா அந்த நேரத்துல எத நெனைக்கதுன்னு தெரியலண்ணாச்சி."

தணிகாசலம் மீதி டீயைக் குடித்து முடித்தார். லீலா மடித்த சட்டைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்தாள். இவனுக்கு அவள் என்ன புத்தி சொல்வது? அவளுக்கு அது தெரிந்த சங்கதியாக இருந்தது.

தை பிறந்து வெயில் அடிக்கத் தொடங்கியது. கொடியில் துணி குறைந்துகொண்டே வந்தது. ஒரு காலை லீலா இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது சமையற்கட்டு வாசலில் நிழல் விழுந்தது. இசக்கிபாண்டி. கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி நேராக வந்திருந்தான். கழுத்தில் ஐடி கார்டு அப்படியே தொங்கியது. கையில் போன்.

"எக்கா, தொறந்துட்டாக."

"எத்த?"

"நம்ம பூட்ட."

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வெளியே வந்தாள். "யாரு?"

"தெரியல. எங்கன உள்ள ஆளுன்னும் தெரியல. எண்ணு வெளிய வந்துட்டு. பரிசையும் பத்திரமா எடுத்துட்டாக."

"புடுங்கலியே யாரும்?"

"இல்லக்கா. சரியான வழியிலதான் எடுத்திருக்காக."

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இருவரும் ஐந்தாம் நம்பருக்குப் போனார்கள். மிஷின் எதுவும் அறியாமல் அதே இரைச்சலோடு தேடிக்கொண்டிருந்தது. இசக்கிபாண்டி அந்த எண்ணைத் தட்டி, இதுவரை தேடிய இடங்களோடு ஒத்துப் பார்த்தான். லீலா அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள். பஸ் எண் சொன்ன இடம், டோக்கன் எண் சொன்ன இடம், மைனா சொன்ன இடம். எதிலும் இல்லை. எதற்கும் பக்கத்தில்கூட இல்லை.

"எவ்ளோ தூரத்துல இருந்துது?"

அவன் கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தான். "இங்கேருந்து கன்னியாகுமரி வரைக்கும் ரோடு போகுதுன்னு வச்சுக்கோங்க. ஒரு வருஷமா நாம தேடினது எல்லாத்தையும் சேத்துப் போட்டா, இந்த ரூம் வாசல்லேருந்து அந்தத் தண்ணிக் குழாய் வரைக்கும்."

குழாயடியில் மூன்றாம் நம்பர் பையன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். லீலா குழாயைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்க முடியவில்லை. அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் பாயில் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான்.

"அப்போ இருந்துது" என்றாள் லீலா.

"என்னதுக்கா?"

"அந்த எண்ணு. நெஜமாவே எங்கியோ ஒரு எடத்துல இருந்துகீது. நான் பாதி நாளு நம்பவே இல்ல பாண்டி. சும்மா ஒண்ணுமில்லாதத்த தேடறோமோன்னு நெனச்சினு இருந்தேன்."

அவன் தலையைத் தூக்கவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னான். ஊரில் ஒரு பெண் பார்த்து வைத்திருக்கிறார்கள். நாச்சியார் என்று பெயர், மாமா மகள். இரண்டு தடவை தேதி குறிக்கக் கூப்பிட்டார்கள். பூட்டு திறக்கட்டும், ராஜா மாதிரி போய் நிற்கலாம் என்று நினைத்து இரண்டு தடவையும் லீவு இல்லை என்று சொல்லிவிட்டான். தீபாவளிக்குக்கூடப் போகவில்லை.

லீலா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். இத்தனை மாதத்தில் முதல் முறையாக அவளுக்குக் கோபம் வந்தது.

"கரண்ட்டு போனா போவுது. அது உன் காசு. அந்தப் பொண்ணு இன்னாய்யா பண்ணுச்சு? அத்தயும் கணக்குல சேத்தியா நீ?"

அவன் கழுத்திலிருந்த ஐடி கார்டைக் கழற்றிப் பாயில் வைத்தான்.

"அடுத்த பூட்டு கீதா?"

"இருக்கு. இதவிட ரெண்டு மடங்கு. எழுபத்தஞ்சாயிரம் வருஷம் ஆகும்."

"அத்த வேற யார்னா பாக்கட்டும். நீ ஊருக்குப் போன் பண்ணு."

அவன் எழுந்து சுவிட்ச் பக்கம் போனான். கை வைக்கவில்லை. "நீங்களே நிறுத்திருங்கக்கா" என்றான். லீலா திரையில் ஓடிக்கொண்டிருந்த எண்களைக் கடைசியாக ஒரு முறை பார்த்தாள். பிறகு நிறுத்தினாள். விசிறிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து நின்றன. சூடான இரும்பு ஆறும்போது டிக், டிக் என்று சின்னச் சத்தம் கேட்டது. அதன் பிறகு வெளியிலிருந்து சத்தங்கள் அறைக்குள் வந்தன. குழாய், காக்கை, தூரத்து ரோட்டில் கன்டெய்னர் லாரி. இவ்வளவு சத்தமா இத்தனை நாளும் வெளியே இருந்தது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அடுப்பில் இட்லி நினைவு வந்து ஓடினாள்.

அந்த இரண்டு கார்டுகளையும் இசக்கிபாண்டி ஸ்ரீபெரும்புதூரில் கல்யாண வீடியோ எடிட் பண்ணும் ஸ்டூடியோ ஒன்றுக்கு விற்றான். வாங்கிய விலையில் பாதிகூடத் தேறவில்லை. வைகாசியில் அவன் கல்யாணம் நடந்தது. லீலாவும் தணிகாசலமும் ராத்திரி ரயிலேறிச் சங்கரன்கோவில் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தார்கள். பந்தியில் அவர்களைச் சொந்தக்காரர்களுக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். நாச்சியார் ஒடிசலாக, கண்ணில் குறும்போடு இருந்தாள். மாப்பிள்ளை தாலி கட்டும்போது அவள் அவனைப் பார்க்காமல், இரண்டு தடவை வராதவன் இதோ வந்து உட்கார்ந்திருக்கிறான் என்பதுபோலத் தன் தோழிகளைப் பார்த்துச் சிரித்தாள்.

லீலாவுக்கும் ஒன்று நடந்தது. மிஷினை நிறுத்திய பிறகு கொஞ்ச நாள் மதியங்களில் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தாள். கனவும் வரவில்லை. ஒரு நாள் பழைய லைனில் கூட இருந்த சசிரேகாவைக் கூட்ரோட்டில் பார்த்தாள். வல்லம் பக்கம் ஹெல்மெட்டுக்கு முன்கண்ணாடி செய்கிற சின்னக் கம்பெனி ஒன்று இருக்கிறது, கேமரா வாங்குகிற வசதியெல்லாம் அவர்களுக்கு இல்லை, ஆள் வைத்துத்தான் பார்க்கிறார்கள் என்று சசிரேகா சொன்னாள். லீலா மறுநாளே ஷேர் ஆட்டோ ஏறிப் போனாள். எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் பழையதைவிடக் குறைவு. வெளிச்சமும் சுமார். காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்புகிறவளைத் தணிகாசலம் வாசல் வரை வந்து பார்த்தார்.

"எத்தினி வருஷம் தேடப் போற?" என்றார்.

"கண்ணு இருக்கற வரைக்கும்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

அடுத்த கார்த்திகையில் நாச்சியாரும் இங்கே வந்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக மணிமங்கலம் போனார்கள். லீலா பிறந்தது அங்கேதான். கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் ஊரே ஏரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஏரி நிரம்பி, மிகுதித் தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழிகிறதாம். அவர்களும் போனார்கள்.

கரை முழுக்க ஜனம். கலங்கலின் கல்வரிசைமேல் தண்ணீர் ஒரே தகடாக, வெள்ளையாக வழிந்து அந்தப் பக்கம் விழுந்துகொண்டிருந்தது. வழிந்த தண்ணீரில் மீன்களும் வந்தன. ஆண்களும் பெண்களுமாகப் பழைய புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். தணிகாசலமும் இசக்கிபாண்டியும் டீக்கடை பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். நாச்சியார் லீலாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எக்கா, உங்கள்ட்ட ஒண்ணு கேக்கணும். இவுக ரூம்ல மிஷின வச்சு ஏதோ பூட்டு தொறந்தாகளாமே, கேட்டா சிரிக்காக. என்னதான் கெடச்சுது?"

"ஒண்ணும் கெடைக்கலம்மா. வேற யாருக்கோ கெடச்சுது."

"அம்புட்டு கரண்டும் வீணா?"

"வீணுதான்" என்றாள் லீலா. அதைச் சொல்வதில் அவளுக்குத் தயக்கம் இல்லை. "இன்னொருத்தர் வந்து நான் ஓட்டட்டுமான்னு கேட்டா வோணாம்னுதான் சொல்லுவேன்."

"ஆனா நீங்களும் கூட உக்காந்து பாத்தீகளாமே?"

லீலா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது வந்துகொண்டே இருந்தது. "ஆமா" என்றாள். "பாத்தேன்."

நாச்சியார் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கரையில் விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். யாரோ ஒரு பாட்டியம்மாள் தன் துணியின் மறுமுனையை அவளிடம் நீட்டினாள். இருவரும் விரித்துப் பிடித்தார்கள். ஒரு கெண்டை வந்து விழுந்து துள்ளி, நாச்சியாரின் கையில் பட்டு வழுக்கி ஓடிவிட்டது. அவள் கூச்சல் போட்டுச் சிரித்தாள்.

"எக்கா, வாங்க! இந்தப் பக்கம் நெறைய வருது!"

லீலா செருப்பைக் கழற்றினாள். தண்ணீர் நினைத்ததைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. காலடியில் கல் வழுக்கியது. ஒவ்வோர் அடியாக ஊன்றி ஊன்றி அவர்கள் நின்ற இடத்தை நோக்கிப் போனாள்.